முதல் சொட்டு தண்ணீராக இருந்திருக்க வேண்டும்

பட்டுப்போன ஒரே மரக்கிளையில் மூன்று விதமான சிறு பூஞ்சைகள். முதல் சுற்றில் மூன்றுமே தப்பாகப் போயின. இரண்டாம் சுற்றில் மூன்றுக்கும் பேரினம் கிடைத்தது. நடுவில் நுண்ணோக்கி மாறவில்லை, கிளையும் அதே கிளைதான். முக்கியமாக மாறியது கவர்ஸ்லிப்புக்கு, அதாவது மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டுக்கு, அடியில் முதலில் விட்ட சொட்டு. முதல் சுற்றில் அது 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், அதாவது கே.ஓ.எச். இரண்டாம் சுற்றில் வெறும் குழாய்த் தண்ணீர்.

மாதிரிகள் இவை.

அ: பட்டை உரிந்த மரத்தின் மேல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த, ஒளி ஊடுருவும் வட்டுகள். குறுக்களவு 0.3 முதல் 0.6 மி.மீ. காய்ந்தால் சுருங்கி இருக்கும் இடமே தெரியாது. நனைத்தால் அரை மணி நேரத்தில் ஜெல்லித் துளி போல எழும்பும்.

ஆ: சாம்பல் நிறத் தட்டைக் கிண்ணங்கள், 0.5 முதல் 1.5 மி.மீ., விளிம்பு வெளிறியது, கூட்டமாக நெருங்கி வளர்ந்தவை.

இ: கிளையின் அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு வெள்ளைப் படலம். தடிமன் 0.1 மி.மீ. கூடத் தேறாது. 10 மடங்கு கைலென்ஸில் பார்த்தால் படலத்தின் மேல் நுண்ணிய முட்கள் நிற்பது தெரியும். இந்த முட்கள் பின்னால் முக்கியமாகின்றன.

மூன்றையும் மரத்தோடு சேர்த்து 2–3 செ.மீ. சில்லாக வெட்டித் தனித்தனிக் காகித உறையில் போட்டாயிற்று. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரே இரவில் வியர்த்து, மேலே வேறு பூசணம் ஏறிவிடும். ஒவ்வொன்றிலும் பாதியைத் தொடாமல் ஒதுக்கி வைத்ததுதான் முதல் சுற்றில் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

கருவிகள்

40 மடங்கு, 100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவ் உள்ள சாதாரண நுண்ணோக்கி போதும். இதில் காசு போகிற இடம் அந்த 100 மடங்கு ஆப்ஜெக்டிவ்தான், அதில் கஞ்சத்தனம் கூடாது. துளை எண் (லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 0.65 உள்ள 40 மடங்கு லென்ஸ் அரை மைக்ரான் அளவுக்குத்தான் பிரித்துக் காட்டும்; ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1.25 உள்ள எண்ணெய் லென்ஸ் கால் மைக்ரானை நெருங்கும். பூஞ்சை பரவ உதவும் நுண்துகளான வித்து, அதுவும் 1 மைக்ரான் அகல வித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. மற்றதெல்லாம் மலிவு: இருபக்கக் கூருள்ள ஷேவிங் பிளேடு, கூர்முனை இடுக்கி, இன்சுலின் ஊசி, 0.17 மி.மீ. தடிமன் கவர்ஸ்லிப், ஒற்றுக் காகிதம். பிளேடை அதன் காகித உறைக்குள்ளேயே வைத்து நீளவாக்கில் மடக்கினால் இரண்டாக உடையும், விரலும் தப்பும். ஒரு மாதிரிக்கு ஒரு புதுப் பாதி. மரத்தைத் தொட்ட முனையால் மெல்லிய சீவல் வராது.

கவர்ஸ்லிப் விஷயத்தில் ஒரு அரை நாள் வீணானது. 40 மடங்கில் எல்லாமே பனி மூடியது போல மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்து, கண்டென்சரை ஏற்றி இறக்கி, விளக்கைச் சந்தேகப்பட்டு ஓய்ந்த பிறகு பார்த்தால், இரண்டு கவர்ஸ்லிப் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. 0.34 மி.மீ. கண்ணாடி வழியாக 40 மடங்கு உலர் லென்ஸ் தெளிவாகக் காட்டாது. 100 மடங்கு லென்ஸோ குவியம் கிடைக்கும் முன்பே கண்ணாடியில் இடிக்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் விளிம்பைப் பக்கவாட்டில் ஒரு முறை பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

அளவுகோலைச் சரிபார்ப்பதிலும் ஒரு சறுக்கல். 1 மி.மீ.-ஐ 100 பங்காகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் ஒரு கோடு 10 மைக்ரான். அதை வைத்து ஒவ்வொரு ஆப்ஜெக்டிவுக்கும் தனித்தனியாகக் கணக்கெடுத்தபோது ஐபீஸ் அளவுகோலின் ஒரு பிரிவு 40 மடங்கில் 2.5 மைக்ரான், 100 மடங்கில் 0.98 மைக்ரான் என்று வந்தது. அதுவரை சரி. கேமராவுக்கான கணக்கை 2592 பிக்சல் அகலப் படத்தில் எடுத்துவிட்டு, வித்துகளை 1296 பிக்சல் முன்னோட்டப் படத்தில் அளந்ததில் எல்லா வித்தும் பாதியாகச் சுருங்கிவிட்டது. 9 மைக்ரான் வித்து 4.5 என்று பதிவானது. இது மோசமான தவறு, ஏனென்றால் 4.5 மைக்ரான் வித்துள்ள பூஞ்சைகளும் ஏராளம், எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வராது. இப்போது எந்த அமர்விலும் முதல் வித்தை ஐபீஸிலும் அளப்பது, படத்திலும் அளப்பது. இரண்டும் பொருந்தினால்தான் மேலே போவது.

முதல் சுற்று: கே.ஓ.எச்.

கே.ஓ.எச்.-ஐ முதலில் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. காய்ந்த பூஞ்சையை நொடியில் ஊறவைக்கும். ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரிக்கும். படலப் பூஞ்சைகளுக்கு அதோடு ஃப்ளாக்சின் சாயம் சேர்ப்பது பழைய வழக்கம். பிம்பமும் சுத்தமாக, படம் வரைந்தது போல இருக்கும். அந்தச் சுத்தம்தான் ஏமாற்றியது.

அ-வில் கிடைத்தவை: சின்ன ஆஸ்கஸ்கள் (வித்துகள் உருவாகும் பைகள்), உள்ளே வெறுமையான வளைந்த வித்துகள், விளிம்பில் துருத்திய கண்ணாடி போன்ற நீட்சிகள். அந்த நீட்சிகளை மயிர் என்று எடுத்துக்கொண்டதால் தேடல் மயிருள்ள கிண்ணப் பூஞ்சைகளான ஹையலோசைஃபா வகையறாவுக்குள் போய் அங்கேயே சுற்றியது.

ஆ-வில் அயோடின் சோதனை (சில வகைகளின் ஆஸ்கஸ் நுனி அயோடினில் நீலமாகும்) வெறுமையாக முடிந்தது. ஆஸ்கஸ் நுனியில் நீலம் இல்லை என்று எழுதியாயிற்று. சொட்டு முழுக்க லேசான மஞ்சள் ஓடியதைப் பார்த்தும், பழைய கரைசல் அல்லது மரச்சாயம் என்று தள்ளிவிட்டேன்.

இ-யில் இழைகளின் எல்லா குறுக்குச்சுவரிலும் கிளாம்ப் இணைப்பு (சுவரைத் தாண்டி வளையும் சிறு கொக்கி), சிறிய பெசிடியம் (வித்தைத் தாங்கும் செல்), மழமழப்பான வித்து. சிஸ்டிடியம், அதாவது படலத்திலிருந்து துருத்தி நிற்கும் மலட்டுச் செல், எதுவும் இல்லை. சிஸ்டிடியம் இல்லாத படலப் பூஞ்சைப் பட்டியலில் அதீலியா பக்கம் இரண்டு மாலைப்பொழுது போயின.

விழிக்க வைத்தது இ-தான். கைலென்ஸில் அத்தனை முட்கள் நிற்கின்றன, நுண்ணோக்கியில் ஒன்றுகூட இல்லை. இருந்த பொருள் காணாமல் போகாது. கரைந்திருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்று: தண்ணீர்

அ-வும் இ-யும் ஒதுக்கி வைத்த பாதியிலிருந்து, இரண்டு வாரம் காற்றில் காய்ந்த நிலையில் எடுத்தவை. ஈர வடிதாள் விரித்த பெட்ரித் தட்டில் மூடி அரை மணி நேரம் வைத்தால் போதும். ஆர்பிலியா (அ-வின் பேரினம் அதுதான் என்று பின்னால் தெரிந்தது) போன்ற, வறட்சி தாங்கும் வகைகள் இப்படி உயிரோடு திரும்பி வரும். ஆ அப்படியல்ல. காய்ந்ததில் ஆஸ்கஸ்களுக்கு நடுவே நிற்கும் பாராஃபைசிஸ் இழைகள் செத்திருந்தன, கிளையிலிருந்து மறுபடி புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று.

வட்டை வெட்டும் முறை: ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் வட்டைக் கவிழ்த்து, பிளேடால் நடுவே இரண்டாகப் பிளக்க வேண்டும். பாதி வட்டின் வெட்டு முகத்திலிருந்து பிளேடை முன்னும் பின்னும் லேசாக ஆட்டியபடி 30–50 மைக்ரான் சீவல். பத்துச் சீவலில் இரண்டு தேறும், அது போதும். கவர்ஸ்லிப் வைத்த பிறகு பென்சிலின் ரப்பர் முனையால் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஆஸ்கஸ் பிதுங்கும், செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையான வாக்குவோல் உடையும், பிறகு தண்ணீரில் பார்ப்பதற்கும் கே.ஓ.எச்.-இல் பார்ப்பதற்கும் வித்தியாசமில்லை.

அ-வை 100 மடங்கில் பார்த்தபோது, முதல் சுற்றில் வெறுமையாக இருந்த ஒவ்வொரு வித்துக்குள்ளும் ஒரு பொருள் இருந்தது. கண்ணீர்த் துளி வடிவம், ஒளியைச் சுற்றியிருப்பதைவிட வலுவாக முறிக்கும், வித்தின் ஒரு முனையில் மெல்லிய காம்பால் ஒட்டியிருந்தது. குவியத்தைச் சற்று ஏற்றினால் மின்னியது, இறக்கினால் கறுத்தது. அப்படியே கண்ணை எடுக்காமல் கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் கே.ஓ.எச். சொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் ஒற்றுக் காகிதம். கரைசல் முன்னேறி வரும் கோடு தெரிந்தது. அது வித்தைத் தொட்டதும் துளியின் விளிம்பு தளர்ந்து, சில நொடிகளில் உள்ளே எதுவும் இல்லாத வித்து மட்டும் மிஞ்சியது. முதல் சுற்றில் அளந்ததெல்லாம் இந்தச் சடலங்களைத்தான்.

இந்த உயிருள்ள வித்துடல் ஆர்பிலியாவின் அடையாளம். கூடவே மற்றவையும் ஒத்துப்போயின: ஆஸ்கஸின் அடி கவட்டையாகப் பிரிந்திருந்தது, பாராஃபைசிஸ் நுனி குமிழ் போலத் தடித்திருந்தது, அயோடினில் எந்த நிறமும் இல்லை. மயிர் என்று நினைத்தவை மயிரல்ல. செல்லின் வெளிச்சுவரில் திரண்ட, உள்ளறை இல்லாத கண்ணாடித்தன்மை நீட்சிகள். மயிராக இருந்தால் உள்ளறை தெரிந்திருக்கும்.

அளவும் மாறியது. உயிருள்ள ஆஸ்கஸ் 36–41 × 4.3–4.8 மைக்ரான். அதே சீவலில் கே.ஓ.எச். பாய்ந்த பிறகு 31–35 × 3.5–3.9. இந்தப் பேரினத்தில் அரை மைக்ரான் சிற்றினத்தையே மாற்றிவிடும். ஆகவே எந்த அளவுக்குப் பக்கத்திலும் உயிருள்ளது, செத்தது என்று குறிக்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. வித்துகளில் ஆஸ்கஸுக்கு வெளியே கிடந்தவற்றை மட்டும் 30 எண்ணிக்கை அளந்தேன். உள்ளே இருப்பவற்றில் முதிராதவை கலந்திருக்கும். வளைந்த வித்தின் நீளத்தை வளைவை ஒட்டி அளக்காமல், முனைக்கு முனை நேர்கோட்டில் அளந்து, அப்படி அளந்ததையும் எழுதி வைக்க வேண்டும்.

அயோடின்

ஆ-வின் அயோடின் சோதனை ஏன் வெறுமையானது? கரைசலே கரைசலாக இல்லை. 100 மி.லி. தண்ணீரில் அயோடினையும் பொட்டாசியம் அயோடைடையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கியதில் அயோடின் பெரும்பகுதி அடியில் தங்கிவிட்டது, மேலே வெளிர் தேநீர் நிறம் மட்டும். சரியான வரிசை: 3 கிராம் பொட்டாசியம் அயோடைடை 5 மி.லி. தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அந்த அடர்த்தியான கரைசலில் 1 கிராம் அயோடினைப் போட்டு, அது முழுக்கக் கரைந்த பிறகுதான் 100 மி.லி.க்கு நிரப்ப வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி, கண்ணாடி மூடி. ரப்பரை அயோடின் அரித்துவிடும். இதுதான் லூகால் கரைசல்.

மெல்ஸர் கரைசலில் இதோடு குளோரல் ஹைட்ரேட் சேரும். பல நாடுகளில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள், கிடைப்பது கடினம். கிண்ணப் பூஞ்சைக்கு அது கிடைக்காதது நல்லதே. 1987-இல் ஹான்ஸ்-ஓட்டோ பரால் காட்டியபடி, சில ஆஸ்கஸ்கள் லூகாலில் சிவப்பாகும், மெல்ஸரில் நிறமே காட்டாது, கே.ஓ.எச்.-இல் ஊறவைத்துவிட்டால் இரண்டிலும் நீலமாகும். இதுதான் ஹெமிஅமைலாய்டு. மெல்ஸரை மட்டும் வைத்திருப்பவர் இதை ‘வினை இல்லை’ என்பார். கே.ஓ.எச்.-க்குப் பிறகு சோதிப்பவர் ‘நீலம்’ என்பார். இரண்டுமே தவறு, இரண்டுமே அச்சிலும் ஏறியிருக்கின்றன.

லூகாலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கரைசலை நேராகச் சொட்டாமல் ஓரத்திலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். சில ஹெமிஅமைலாய்டு ஆஸ்கஸ்கள் அயோடின் நீர்த்த இடத்தில் நீலமாகவும், அடர்ந்த இடத்தில் சிவப்பாகவும் இருக்கும். மெதுவாக இழுத்தால் இரண்டையும் ஒரே ஸ்லைடில் பார்த்துவிடலாம். சாதாரண நீலம்கூட அடர்த்தியான கரைசலில் அழுக்குப் பழுப்புக்கு நடுவே மறைந்துபோகும்.

புதுக் கரைசலில் ஆ-வின் ஆஸ்கஸ் நுனியில் இரண்டு சின்ன நீலக் கோடுகள் பளிச்சென்று வந்தன. வளையத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதால் இரண்டு கோடு. தண்ணீரில் பாராஃபைசிஸுக்குள் நீண்ட எண்ணெய்த் துளி போல மின்னும் வாக்குவோல் உடல்கள் நிறைந்திருந்தன. புறச்சுவரில் உருண்டைச் செல்கள் பழுப்பாக அடுக்கியிருந்தன. மொலீசியா என்பதில் சந்தேகம் இல்லை. இப்போது கே.ஓ.எச்.-ஐ ஓரத்திலிருந்து விட்டதும் அந்த மஞ்சள் மறுபடி வந்தது. முதல் சுற்றில் மரச்சாயம் என்று தள்ளியது இதைத்தான். மின்னும் உடல்கள் மறையும் அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து மஞ்சள் புகையாகக் கிளம்பிக் கரைந்தது. இதை 100 மடங்கில் தேடக் கூடாது. 4 மடங்கில், அல்லது ஸ்லைடை வெள்ளைத் தாள் மேல் வைத்து வெறுங்கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும். மொலீசியாவில் இது சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும் பண்பு, உயிருள்ள பொருளில் சில நொடி மட்டுமே நம்பகமாகக் கிடைக்கும்.

படலம்

இ தண்ணீரில் நனைய மறுத்தது. படலத்துக்குள் காற்றுக் குமிழ்கள் சிக்கி, கறுப்பு வளையங்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. 70 சதவீத ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அது ஆவியாகி ஓரம் சுருங்கும்போது தண்ணீர் சேர்த்ததில் காற்று வெளியேறியது. பொருளைக் கிள்ளி எடுக்காமல், ஊசி முனையால் மரத்திலிருந்து செங்குத்தாக ஒரு துணுக்கைக் கிளப்ப வேண்டும். கிள்ளினால் நிற்பதெல்லாம் சாய்ந்து எது எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாது.

முட்கள் அங்கேயே இருந்தன. கூம்பு வடிவம், கண்ணாடி போன்ற கனத்த சுவர், நடுவே மயிரிழைத் துளை, நுனியருகே அந்தத் துளை சட்டென்று அகலமாகிறது. அடியில் வேர் போலக் கவட்டை. லூகாலை இழுத்ததும் சுவர் சாம்பல் நீலமானது. வேறொரு துணுக்கில் கே.ஓ.எச். விட்டபோது சுவர் உப்பி, விளிம்பு கலங்கி, கண்ணெதிரே இல்லாமல் போனது. அயோடினில் நிறமேறி, கே.ஓ.எச்.-இல் கரையும் இப்படியான சிஸ்டிடியம் டியூபுலிக்ரினிஸின் முத்திரை. பேரினத்தை அடையாளம் காட்டும் பண்பைக் கரைத்து ஊற்றிவிட்டு, அது இல்லாத பட்டியலில் தேடியிருக்கிறேன்.

இங்கே ஒரு கிளைத் தடுமாற்றம்: இழைகளுக்கு நடுவே சிதறிய படிகங்கள் சிலவற்றை முதலில் வித்து என்று எண்ணி அளந்துவிட்டேன். விளக்கின் மேல் ஒரு துருவமுனைப்புத் தகடு, ஐபீஸ் மேல் இன்னொன்று, ஒன்றைத் திருப்பிக் களத்தை இருட்டாக்கினால் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நட்சத்திரம் போல ஒளிரும், வித்துகள் இருட்டில் மறையும். கிளாம்ப் இணைப்பைத் தெளிவாகப் பார்க்க 1 சதவீத காங்கோ ரெட் தனி ஸ்லைடில். சாயத்தை இரண்டு நிமிடம் விட்டு, தண்ணீரை இழுத்துக் கழுவினால் சுவர் மட்டும் சிவக்கும்.

இனி செய்யும் வரிசை

தண்ணீர், படம், அளவு. பிறகு லூகால். வேறு சீவலில் கே.ஓ.எச்., அதுவும் ஓரத்திலிருந்து, கண் ஐபீஸில் இருக்கும்போதே. காங்கோ ரெட் கடைசி. தண்ணீரில் போட்ட ஸ்லைடு பத்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து காயத் தொடங்கும் என்பதால் கேமரா முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

கே.ஓ.எச்.-ஐத் தூக்கி எறியவும் இல்லை. ஹைபாக்சிலான் வகைகளின் கரித்துண்டு போன்ற உடலில் ஒரு துணுக்கை 10 சதவீதக் கரைசலில் போட்டால் வெளிவரும் நிறம் சிற்றினத்தைப் பிரிக்கும். நெக்ட்ரியா குடும்பத்தின் சிவப்புக் குடுவைகள் கே.ஓ.எச்.-இல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறி, லாக்டிக் அமிலத்தில் மஞ்சளுக்குப் போகும். பல ஆண்டு பழைய உலர் மாதிரியில் உயிர் எதுவும் மிச்சமில்லை என்றால் கே.ஓ.எச்.-இல் தொடங்குவதால் இழப்பும் இல்லை.

உறைகளில் இப்போது ஒட்டியிருக்கும் சீட்டுகள்:

அ. ஆர்பிலியா. வித்துடல் கண்ணீர்த் துளி வடிவம், காம்புடன். கண்ணாடி நீட்சிகள் உண்டு. எல்லா அளவும் உயிருள்ளவை, தண்ணீரில்.

ஆ. மொலீசியா. லூகாலில் நீலம், கே.ஓ.எச். மஞ்சள். சிற்றினம் முடிவாகவில்லை, வெளியே கிடந்த முதிர்ந்த வித்து 11 மட்டுமே. கிளை ஈர அறையில் இருக்கிறது, புதுக் கிண்ணம் வந்ததும் ஸ்லைடில் ஓர் இரவு கவிழ்த்து வித்து விழ வைக்க வேண்டும்.

இ. டியூபுலிக்ரினிஸ். சிஸ்டிடியம் அமைலாய்டு, அதாவது அயோடினில் நீலம். தண்ணீர் அல்லது லூகாலில் மட்டும் பார்க்கவும்.